ஏழாம் கேள்விக்குப் பதில்

யூஜீன், ஆரிகன்
22 ஆகஸ்ட் 1993

அன்புள்ள லைல்,

நலமா? அப்பாவின் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாய் பிஸ்கட்டின் காதுப் புண் ஆறியதா, இல்லை சொறிந்து சொறிந்து பெரிதாக்கிவிட்டதா? இங்கே அம்மா நலம். பல் மருத்துவரிடம் அவளுக்கு வேலை கூடிவிட்டது. வீட்டுக்கு வந்தால் முகத்தைப் பார்ப்பதில்லை, வாயைத்தான் பார்க்கிறாள்.

ஜூலையில் உங்கள் வைக்கோல் பரணில் உட்கார்ந்து நாம் எழுதிய தாளைப் படி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். பன்னிரண்டு கேள்வி. எந்தக் கல்லூரியைப் பார்த்தாலும் பன்னிரண்டுக்கும் பதில் வேண்டும். மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே என் பொறுப்பு, கிழக்கே உன் பொறுப்பு. செப்டம்பரில் அம்மாவுடைய சித்தி மகள் கல்யாணத்துக்கு அயோவா போகிறோம், அந்தச் சாக்கில் நான் இரண்டைப் பார்த்துவிடுவேன். முன்கூட்டி எழுதினால் கல்லூரிக்காரர்களே ஏதாவது ஒரு மாணவனுடைய அறைத் தரையில் ஒரு ராத்திரி படுக்க இடம் தருவார்கள். படுத்துப் பார். பகலில் எல்லா இடமும் அழகாகத்தான் இருக்கும்.

எங்கள் பள்ளியில் கல்லூரி ஆலோசனை சொல்கிற பெல்கி அம்மாவுக்கு என் மேல் கோபம். "நடந்து போற தூரத்துல இருபதாயிரம் பேர் படிக்கிற யுனிவர்சிட்டி இருக்கு. நீ என்னடான்னா ஆயிரத்து இருநூறு பேர் படிக்கிற காலேஜா பாத்து மேப்புல தடவிக்கிட்டு இருக்க" என்கிறாள். உண்மைக் காரணத்தை அவளிடம் எப்படிச் சொல்வது? பெரிய இடத்தில் இரண்டு பேர் தொலைந்துபோவது சுலபம். நாம் தொலைந்து ஏழு வருடம் ஆகிறது.

நீதிபதி ஆளுக்கொரு பிள்ளை என்று பங்கு போட்ட அன்றைக்குக் கோர்ட் படிக்கட்டில் நீதான் சொன்னாய், "பதினெட்டு வயசு ஆகட்டும், ரெண்டு பேரும் ஒரே காலேஜ்" என்று. நமக்குப் பத்து வயது. நீ மறந்திருந்தாலும் நான் மறக்கவில்லை.

ஏழாம் கேள்வியை மட்டும் விட்டுவிடாதே. சாப்பாட்டுக் கூடத்தில் ஒருவன் தனியாக உட்கார்ந்தால் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? இங்கே வந்த முதல் வருடம் முழுக்க நான் தனியாகத்தான் சாப்பிட்டேன். பார்த்தவர்கள் நிறைய, பக்கத்தில் வந்தவர்கள் இல்லை. நூலகத்தில் எத்தனை புத்தகம் என்பதெல்லாம் அவர்கள் அனுப்பும் படப் புத்தகத்திலேயே இருக்கிறது. இது இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை போனில் இதைப் பற்றி மூச்சு விடாதே. அம்மா சமையலறையை விட்டு நகரமாட்டாள்.

பதினொரு நிமிடம் மூத்தவள்,
ரோ


டன்னர்ஸ் ஹாலோ, பென்சில்வேனியா
14 செப்டம்பர் 1993

மதிப்புக்குரிய மூத்தவளுக்கு,

நாங்கள் எல்லாரும் சௌக்கியம். அப்பாவின் முதுகு அப்படியேதான், வாய் அதைவிட நன்றாக வேலை செய்கிறது. பிஸ்கட்டின் காது ஆறிவிட்டது. அம்மாவுக்கும் உனக்கும் நலம் வேண்டுகிறேன். உன் பற்களுக்குத் தனியாக வேண்டுகிறேன்.

மார்ஸ்டன் கல்லூரியைப் பார்த்தேன். அழகான இடம். மேப்பிள் மரங்கள். வகுப்புகள் சிறியவை, ஆசிரியர்கள் மாணவர்களைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். நட்பான சூழல். நூலகத்தில் மூன்று லட்சம் புத்தகம். உனக்கு அவ்வளவு பிடிக்குமா தெரியவில்லை.

இங்கே கடைசி அறுப்பு வைக்கோல் முடிந்தது. மழைக்கு முந்தி கொண்டுவந்து சேர்த்துவிட்டோம், கடைசி வண்டி கொட்டகைக்குள் நுழையும்போது முதல் தூறல். டாலி சினையாக இருக்கிறாள், நவம்பரில் கன்று. போன வருடம் வாங்கினோமே அந்தக் கறுப்பு மூக்குக்காரி, அவளை என்னைத் தவிர வேறு யார் கறக்கப் போனாலும் உதைக்கிறாள். அப்பாவுக்கு அதில் பொறாமை. நேற்று அவள் ஒரே வேளையில் கொடுத்ததை நீ பார்த்திருக்க வேண்டும்! தீவனத்தில் நான் செய்த ஒரு சின்ன மாற்றம்தான். அதை இன்னொரு கடிதத்தில் விவரமாகச் சொல்கிறேன்.

கேள்வித் தாள் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

லைல்


யூஜீன்
28 செப்டம்பர் 1993

அன்புள்ள லைல்,

நலமாக இருப்பாய் என்று தெரியும். உன் மாட்டின் நலமும் தெரியும், அதற்குப் பாதிக் கடிதத்தை ஒதுக்கியிருந்தாய். மார்ஸ்டனுக்கு ஐந்து வரி. "நட்பான சூழல்" என்றால் என்னடா? யார் யாரிடம் நட்பாக இருந்தார்கள்? ஏழாம் கேள்வி எங்கே?

நான் பார்த்ததைச் சொல்கிறேன், எப்படி எழுத வேண்டும் என்று கற்றுக்கொள்.

முதல் இடம், பெயரே வேண்டாம். சுற்றிக் காட்டிய பையன் முதுகுப் பக்கமாகவே நடந்து எங்களோடு பேசிக்கொண்டு வந்தான், அது அங்கே ஒரு பெருமை. மரத்தில் மோதினான். அம்மா சிரித்துவிட்டாள். ராத்திரி நான் படுத்திருந்த அறைக்காரி என்னிடம் நாலே வார்த்தை பேசினாள்: "லைட்ட அணைச்சிடட்டுமா? குட் நைட்." காலையில் அவளைக் காணவில்லை.

இரண்டாவது அயோவாவில் உள்ள டெல்மார்ஷ். லைல், நான் அங்கே ஒரு பாறையியல் வகுப்பில் உட்கார்ந்தேன். என்னையும் சேர்த்து மொத்தம் ஒன்பது பேர். நான் வெறும் விருந்தாளி என்று தெரிந்தும் அந்த ஆசிரியை ஒரு கல்லை என் கையில் வைத்து, "இது எங்கேயிருந்து வந்திருக்கும்னு நீ நினைக்கிற?" என்று கேட்டாள். நான் உளறினேன். அவள் சிரிக்கவில்லை, "அப்படி நினைக்க என்ன காரணம்?" என்று கேட்டாள். எட்டுப் பேரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சொல்வதை எழுதிக்கொள்ள ஒருத்தி பேனாவைத் திறந்தாள்.

காரில் திரும்பும்போது அம்மா, "மூஞ்சி பளபளன்னு இருக்கே" என்றாள். டெல்மார்ஷில் சேர வேண்டும் போல இருந்தது. ஆனால் அது உன்னிடமிருந்து ஆயிரம் மைல். நீ உன் பங்கைச் சரியாகச் செய். இரண்டு பேருக்கும் பிடித்த ஒன்றுதான் நமக்கு வேண்டும்.

அப்பாவை முதுகுக்குச் சூடு வைக்கச் சொல்.

ரோ


டன்னர்ஸ் ஹாலோ
12 அக்டோபர் 1993

அன்புள்ள ரோ,

எல்லாரும் நலம், நலமறிய ஆவல். உன் திட்டு கிடைத்தது. முதுகில் தடவிப் பார்த்தேன், வீங்கியிருக்கிறது.

போன சனிக்கிழமை ஆல்டர்ஃபோர்டு கல்லூரிக்குப் போனேன். எங்களிடமிருந்து தொண்ணூறு மைல் வடக்கே, நியூயார்க் மாநிலத்து மலைப்பக்கம். குன்றின் மேல் செங்கல் கட்டடங்கள், நடுவில் ஒரு மணிக்கூண்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு மணி அடித்தது; எங்கே நின்றாலும் கேட்கிறது, நடந்துகொண்டிருப்பவர்கள் ஒரு நொடி நின்றுவிட்டுப் போகிறார்கள். ஆயிரத்து நூறு பேர். வகுப்புக்குப் பதினைந்து பேர். பாறையியல் உண்டு, உனக்காக விசாரித்தேன்.

ஏழாம் கேள்வி. சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பையன் சன்னல் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தான். முதல் வருடம் போல. பட்டாணியை முள்கரண்டியால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தான். இரண்டு மேசை தள்ளி மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் தன் தோழிகளோடு பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்தினாள். தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். "பட்டாணிய ரொம்ப துன்புறுத்தாத, அது ஏற்கனவே செத்துப்போச்சு" என்றாள். அவன் சிரித்தான். அவ்வளவுதான் நடந்தது.

நீ கேட்டது இதுதானே?

பதினொரு நிமிடம் இளையவன்,
லைல்


யூஜீன்
24 அக்டோபர் 1993

என் லைல்,

நலம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை. உன் கடிதத்தைப் பத்துத் தடவை படித்துவிட்டேன். மஞ்சள் ஸ்வெட்டரிடம் வந்ததும் ஒவ்வொரு தடவையும் அழுகை வருகிறது, வெட்கமாக இருக்கிறது.

இப்போது கவனமாகப் படி. பெல்கி அம்மாவிடம் கேட்டேன். ஆல்டர்ஃபோர்டில் முன்முடிவு விண்ணப்பம் என்று ஒன்று உண்டு. நவம்பர் பதினைந்துக்குள் போட வேண்டும், டிசம்பர் பதினைந்தில் பதில் அனுப்பிவிடுவார்கள். இப்படி ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் போடலாம். மாணவன், பெற்றவர், பள்ளி ஆலோசகர், மூன்று பேர் கையெழுத்து. அவர்கள் சரி என்று சொல்லிவிட்டால் போயே ஆக வேண்டும், வேறு எங்கும் விண்ணப்பிக்க முடியாது. டெல்மார்ஷை மறந்துவிட வேண்டியதுதான். "கழுத்துல கயிறு மாட்டுற மாதிரி அது. கழுத்த நீட்டுறதுக்கு முன்னாடி நல்லா யோசி" என்றாள்.

அம்மா படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். "நீ பாக்காத எடம். உங்கப்பன் ஊருக்குப் பக்கம்" என்றாள். "உன் தம்பியப் பாக்கத்தான் போற. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். பேனா மூடியைக் காணாமல் வெகுநேரம் தேடினாள். அது அவள் வாயில் இருந்தது.

நான் அனுப்பும் முன் உன் வாயால் ஒரு வார்த்தை வேண்டும். நீயும் போடுகிறாயா? இல்லை என்றால் இப்போதே சொல்லிவிடு. கோபப்பட மாட்டேன்.

ரோ


டன்னர்ஸ் ஹாலோ
6 நவம்பர் 1993

அன்புள்ள ரோ,

நலம். டாலி வியாழக்கிழமை ஈன்றாள். கிடேரி. கால் மடங்கி வந்தது, தோள்வரை கை விட்டுத் திருப்பினேன். கால்நடை மருத்துவர் வந்து சேருவதற்குள் கன்று எழுந்து நின்றுவிட்டது. "எனக்கு வேல இல்லாம பண்ணிட்டியே" என்றார் அவர்.

போடு. நானும் போட்டுவிட்டேன். அப்பா கையெழுத்தும் வாங்கியாயிற்று.

குளிர் ஆரம்பித்துவிட்டது, உடம்பைப் பார்த்துக்கொள்.

லைல்


யூஜீன்
1 டிசம்பர் 1993

லைல்,

நேற்று எனக்கு நேர்காணல். கல்லூரிக்காரர்கள் அவ்வளவு தூரம் வரமாட்டார்கள், இந்த ஊரில் இருக்கிற பழைய மாணவி ஒருத்தியைப் பேசிப் பார்க்கச் சொல்வார்கள். ஆஸ்ட்ராண்டர் என்று ஒரு அம்மாள், மரப் பண்ணை வைத்திருக்கிறாள். அன்பானவள். ஆல்டர்ஃபோர்டில் என்ன பிடித்தது என்று கேட்டாள். நான் நேரில் பார்த்ததில்லை, என் தம்பி அக்டோபரில் போய் வந்தான், சாயங்காலம் மணி அடித்ததும் எல்லாரும் நின்றுவிட்டார்களாம், அது எனக்குப் பிடித்தது என்றேன்.

அவள் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "அந்த மணி விரிசல் விட்டு, எறக்கி வச்சு மூணு வருஷம் ஆச்சேம்மா. எங்ககிட்ட காசு கேட்டு கடுதாசி மேல கடுதாசி வருது. உன் தம்பி பழைய படப் புத்தகத்தப் பாத்திருப்பானோ?"

வீட்டுக்கு வந்து படப் புத்தகத்தை எடுத்தேன். பக்கம் நாலு: "ஆறு மணிக்கு மணி ஒலிக்கையில் வளாகமே ஒரு நொடி நிற்கிறது." உன் வரி.

நீ ஆல்டர்ஃபோர்டுக்குப் போனாயா, இல்லையா? மார்ஸ்டனுக்குப் போனாயா? விண்ணப்பம் போட்டாயா? அப்பா உன்னைத் தடுக்கிறாரா? அப்படியென்றால் சொல், நான் அவரிடம் பேசுகிறேன்.

பெல்கி அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லாமல் கேட்டுப் பார்த்தேன். டிசம்பர் பத்து, வெள்ளிக்கிழமை, மாலைக்குள் போன் செய்து முன்முடிவிலிருந்து விலகிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு அவர்கள் சொன்னதுதான். எனக்கு டெல்மார்ஷ் இன்னும் திறந்திருக்கிறது. பத்தாம் தேதி வரை.

இந்தக் கடிதம் திங்கள்கிழமை உன் கையில் இருக்கும். வியாழக்கிழமை நாலு மணிக்கு எனக்குப் போன் செய். உங்களுக்கு ஏழு. அம்மா ஆறுக்குத்தான் வருவாள். நான் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். நீ என்ன சொல்கிறாயோ அதை வைத்துத்தான் முடிவெடுப்பேன்.

ரோவீனா


டன்னர்ஸ் ஹாலோ
10 டிசம்பர் 1993

ரோ,

நலமா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நேற்று ஏழு மணிக்குப் போன் முன்னால்தான் நின்றேன். எடுத்தேன். வைத்தேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன், முதலில் மற்றதைச் சொல்லிவிடுகிறேன்.

போகவில்லை. மார்ஸ்டனுக்கும் போகவில்லை, ஆல்டர்ஃபோர்டுக்கும் போகவில்லை. விண்ணப்பப் படிவம் தீவன அறையில் மாடுகள் நக்கும் உப்புக் கட்டிக்கு அடியில் கிடக்கிறது. மஞ்சள் ஸ்வெட்டரை நான் கறந்துகொண்டிருக்கும்போது யோசித்தேன். நீ கேட்டபடி ஒருத்தி இருந்தால் எப்படி இருப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன், வந்துவிட்டாள்.

அப்பா தடுக்கவில்லை. நீ அப்படித்தான் நினைப்பாய், அது எனக்கு வசதியாகவும் இருந்திருக்கும். திங்கள்கிழமை உன் கடிதத்தை அவரிடம் காட்டினேன். கத்தினார். "நான்தான் உன்னப் புடிச்சு வச்சிருக்கேன்னு உங்கம்மா அந்தப் பக்கம் பூரா சொல்லுவா! போய்த் தொலையேண்டா காலேஜுக்கு! மாடு எங்கயும் ஓடிப் போயிடாது!" என்றார். எனக்குத்தான் விருப்பமில்லை, ரோ. எந்தக் கல்லூரிக்கும். இங்கே எனக்குப் பிடித்திருக்கிறது. காலையில் கொட்டகைக் கதவைத் திறந்ததும் நாற்பது தலை திரும்பிப் பார்க்கிறது, அதைவிட எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். கோர்ட் படிக்கட்டில் சொன்னது பத்து வயதுப் பையன். நீ அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஏழு வருடம் அங்கே இருந்தாய். அதை எப்படி நான் உன் கையிலிருந்து பிடுங்குவேன்? ஒவ்வொரு கடிதத்திலும் சொல்லத்தான் உட்கார்ந்தேன், ஒவ்வொரு கடிதத்திலும் மாட்டைப் பற்றி எழுதி முடித்தேன்.

அப்பா கடைசியாக, "பாக்காமயே எழுதுனியே, இப்பவாவது போய்க் கண்ணால பாத்துட்டு வா. அவ கழுத்த நீட்டிருக்கா" என்றார். புதன்கிழமை கறுப்பு மூக்குக்காரி உதைப்பாள் என்று எச்சரித்து, பக்கத்துப் பண்ணைக்காரரைக் கறக்க வரச் சொல்லிவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு போனேன்.

இது உண்மை அறிக்கை. மணி புல்வெளியில் கவிழ்ந்து கிடக்கிறது, பிள்ளைகள் அதன் மேல் காப்பிக் கோப்பை வைக்கிறார்கள். அலுவலகத்தில் ஒருத்தி பார்வையாளர் அட்டையை நீட்டி, "எந்த வருஷம் சேரப் போற தம்பி?" என்றாள். "நான் சேரல, எங்கக்காவுக்காகப் பாக்க வந்தேன்" என்றேன். "அக்காவுக்கு நல்ல தம்பி" என்றாள். எனக்கு அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. விடுதியில் அறைகளைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் ராத்திரியெல்லாம் சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம் போடுமாம். சூப் தண்ணீர். நூலகம் நள்ளிரவு வரை. மேல்மாடிச் சன்னல் ஓரத்தில் பச்சை விளக்கு வைத்த ஒரு மேசை இருக்கிறது, அதை யாராவது பிடிப்பதற்குள் நீ பிடித்துக்கொள். பாறையியல் ஆசிரியர் கிழவர், காது கேட்காது. வகுப்பு முடிந்து அரைமணி நேரம் ஒரு பையனோடு கத்திச் சண்டை போட்டார், இரண்டு பேருக்கும் சந்தோஷம்.

ஏழாம் கேள்வி. நானே போய்த் தனியாக உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம். யாரும் வரவில்லை. மஞ்சள் ஸ்வெட்டர் இல்லை. அந்தப் பக்கம் இன்னொரு பெண்ணும் தனியாக உட்கார்ந்திருந்தாள். நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு புத்தகம் படித்துத் தானே சிரித்துக்கொண்டிருந்தாள். அவளிடமும் யாரும் போகவில்லை. ஆனால் அவளை யாரும் பார்த்துக் குசுகுசுக்கவும் இல்லை. நீ உன் பள்ளியைப் பற்றிச் சொல்வாயே, அந்தப் பார்வை அங்கே இல்லை.

இப்போது போன் விஷயம். நேற்று நான் பேசியிருந்தால் கோபத்தில் நீ அந்த நிமிடமே விலகியிருப்பாய். அந்த இடம் உனக்குப் பொருந்தும் என்று எனக்குப் பட்டது. அதனால் வாயை மூடிக்கொண்டேன். இந்தக் கடிதம் வரும்போது தேதி தாண்டியிருக்கும்.

அது சரியா என்று தெரியவில்லை. எழுதி முடித்துப் படித்துப் பார்க்கும்போது, தப்பு என்றுதான் தோன்றுகிறது.

லைல்


டன்னர்ஸ் ஹாலோ
9 ஜனவரி 1994

அன்புள்ள ரோ,

இங்கே நலம். பனி இடுப்பளவு.

மூன்று ஞாயிறாக நான் போன் செய்யும்போதெல்லாம் நீ குளித்துக்கொண்டிருக்கிறாய் என்று அம்மா சொல்கிறாள். அவ்வளவு சுத்தமாக யாரும் இருக்க வேண்டியதில்லை.

ஆல்டர்ஃபோர்டிலிருந்து கனமான உறை வந்தது, சேர்த்துக்கொண்டார்கள் என்று அம்மா சொன்னாள். வாழ்த்துச் சொல்ல நா எழவில்லை.

டாலியின் கன்றுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. நீ வைப்பாய் என்று காத்திருக்கிறேன். திட்டியாவது ஒரு வரி எழுது. இந்த மௌனம் தாங்க முடியவில்லை.

லைல்


யூஜீன்
13 பிப்ரவரி 1994

லைல்,

உடம்பு நலம். மனசு இரண்டு மாதமாக நலமில்லை.

உன் டிசம்பர் கடிதத்தை முதல் தடவை படித்ததும் கிழித்தேன். பிறகு ஒட்டினேன். நீ எனக்குப் பதிலாக முடிவு செய்தாய். அதற்கு உனக்கு உரிமை கிடையாது. நீ பொய் சொன்னதைக்கூட மன்னித்துவிடுவேன் போலிருக்கிறது, அந்தப் போன் அடிக்காததை மன்னிக்க இன்னும் முடியவில்லை. நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்து, "யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாள்.

ஆனால் நானும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் உன்னை மட்டும் திட்டிக்கொண்டிருந்தால் அது நியாயமில்லை.

எனக்குத் தெரியும், லைல். அக்டோபரிலேயே தெரியும். சாயங்காலம் ஆறு மணிக்கு நீ ஆல்டர்ஃபோர்டில் மணி கேட்டுக்கொண்டு நின்றாய் என்றால் ஐந்து மணிக்கு உன் மாடுகளைக் கறந்தது யார்? கறுப்பு மூக்குக்காரி உன்னைத் தவிர யாரையும் விடமாட்டாள் என்று எழுதியவன் நீ. அந்த மணி வரியைப் படிக்கும்போதே மனசில் சுருக்கென்றது. அதை அப்படியே மூடி வைத்தேன். கையெழுத்துப் போட்டால் மீற முடியாது என்று பெல்கி அம்மா சொன்னபோது, எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நான் கழுத்தை நீட்டிவிட்டால் நீ வராமல் இருக்கமாட்டாய் என்று தோன்றியது. "கோபப்பட மாட்டேன்" என்று எழுதினேனே, அதுவும் பொய். உன்னைக் கட்டத்தான் அந்தக் கயிற்றை எடுத்தேன். இப்போது அது என் கழுத்தில் மட்டும் இருக்கிறது.

பத்தாம் தேதி, அந்த வெள்ளிக்கிழமை முழுக்க என் கையில் போன் இருந்தது. விலகியிருக்கலாம். உன் பதில் வராததே ஒரு பதில் என்று எனக்குப் புரியாமல் இல்லை. டெல்மார்ஷ் வகுப்பில் அந்தக் கல்லை என் கையில் வைத்தார்களே, அதை இன்றைக்கும் நினைக்கிறேன். அதை விட்டது நான்தான், நீ இல்லை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவனுக்கு மாடு புடிக்கும்னா புடிச்சிட்டுப் போகட்டும். உங்கப்பன் கட்டாயப்படுத்தல இல்ல?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். "நெசமாவா?" என்றாள். அன்று சாயங்காலம் அவளாகவே உங்கள் வீட்டுக்குப் போன் செய்தாள். ஏழு வருடத்தில் முதல் தடவை. ஒரு நிமிடம்தான் பேசினாள், அதுவும் அப்பாவின் முதுகைப் பற்றி.

கன்றுக்கு என்ன வேண்டுமானாலும் பெயர் வை. என் பெயரை மட்டும் வைக்காதே.

ரோ


ஆல்டர்ஃபோர்டு கல்லூரி
6 செப்டம்பர் 1994

அன்புள்ள லைல்,

நலம். அப்பாவும் நீயும் நலமா? கன்று ரோவீனா எப்படி இருக்கிறாள்? அம்மா சொல்லித் தெரியும், ஒளிக்காதே.

நான் வந்து ஒன்பது நாள். உன் உண்மை அறிக்கையைப் பெட்டியில் மேலாக வைத்துக் கொண்டுவந்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. வெந்நீர்க் குழாயைப் பற்றிக் குறைத்துச் சொல்லிவிட்டாய். இங்கே இப்போதே சோதனைக்காக ஓட்டிப் பார்க்கிறார்கள், பேய் பிடித்த மாதிரி அடிக்கிறது. பச்சை விளக்கு மேசையை இரண்டாம் நாளே பிடித்தேன். கிழவர் என்னோடும் கத்திச் சண்டை போட்டார். சூப் தண்ணீர் இல்லை, தண்ணீர்தான் சூப்.

முதல் எட்டு நாள் தனியாகச் சாப்பிட்டேன். நீ சொன்னபடி யாரும் பார்க்கவில்லை. யாரும் வரவும் இல்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். உன் மேல் கோபம் வந்தது, டெல்மார்ஷ் நினைவு வந்தது. எழுந்து போய் அழுதுவிட்டு வந்தேன், அதையும் யாரும் பார்க்கவில்லை.

இன்றைக்கு மத்தியானம் சன்னல் ஓரத்தில் ஒரு பையன் தனியாக உட்கார்ந்திருந்தான். என் வருடம்தான். காது சிவந்திருந்தது. பட்டாணி இல்லை, சோளம். அதை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருந்தான். நான் என் சாப்பாட்டை விட்டுவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது போவார்கள் என்று காத்திருந்தேன். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். கூடம் முழுக்க மஞ்சள் ஸ்வெட்டரைத் தேடினேன், லைல். உண்மையாகவே தேடினேன். அப்புறம்தான் உறைத்தது, அவளை நீ மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து உண்டாக்கினாய் என்று.

தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். அவன் எதிரில் போய் உட்கார்ந்தேன். உன் வரியைத் திருடிக்கொண்டேன். "சோளத்த ரொம்ப துன்புறுத்தாத, அது ஏற்கனவே செத்துப்போச்சு" என்றேன்.

அவன் சிரித்தான்.

நான் போட்டிருந்தது சாம்பல் நிற ஸ்வெட்டர். மற்றபடி உன் அக்டோபர் கடிதத்தில் இனிமேல் பொய் இல்லை. தேதி மட்டும் பதினொரு மாதம் முந்தி.

ஞாயிற்றுக்கிழமை காலைக் கறவை முடிந்ததும் கிளம்பினால் பத்து மணிக்கு இங்கே இருக்கலாம். மாலைக் கறவைக்குத் திரும்பிவிடலாம், கறுப்பு மூக்குக்காரி கோபிக்க மாட்டாள். விருந்தாளிச் சீட்டு வாங்கி வைத்திருக்கிறேன். கை காலைக் கழுவிவிட்டு வா. வந்து சன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொள், நான் தட்டை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

பதினொரு நிமிடம் மூத்தவள்,
ரோ